இறந்தார்க்கு இருப்பார் கடன்: கிறித்தவ வரலாற்றில் ஒரு வினா

இல்வாழ்வான் போற்ற வேண்டியவர்களை எண்ணிய வள்ளுவப் பெருந்தகை, அவ்வரிசையில் தென்புலத்தாரை முதலில் வைத்தார். மறைந்த முன்னோரையே அச்சொல் குறிக்கும் என்பர் உரையாசிரியர். தெய்வமும் விருந்தினரும் சுற்றத்தாரும் அவர்க்குப் பின்னரே எண்ணப்பட்டனர். போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டிய காலந்தொட்டு இன்றுவரை, இறந்தார்க்கு இருப்பார் செய்ய வேண்டிய கடன் ஒன்றுண்டு என்னும் எண்ணம் தமிழர் நெஞ்சை விட்டு அகன்றதில்லை.

இவ்வெண்ணம் மாந்தர் அனைவர்க்கும் பொதுவானதே. ஆயினும், இறந்தவன் நிலையை இருப்பவன் செயல் மாற்றவல்லதா என்று வினவி, அதன்மேல் பல நூற்றாண்டுகள் வாதிட்டு, அவ்வாதத்திலிருந்து தொடங்கிய பூசலால் இரண்டாகப் பிளவுண்ட சமயம் ஒன்றுண்டு. அதுவே மேலைநாட்டுக் கிறித்தவம். மரணம், தீர்வை, மோட்சம், நரகம் ஆகியவற்றை மனிதனின் இறுதி நிலைகள் நான்கு என்று கிறித்தவ நூல்கள் கூறும். இவற்றைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் ஒரு மலையளவு இருக்கும். நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது அம்மலையின் ஒரு சிறு பாறையை மட்டுமே. ஒருவன் கண்மூடியதும் அவன் கணக்கு முடிந்துவிடுகிறதா? அன்றி, அவனுக்காக அவன் தாயோ மகனோ செய்யும் வேண்டுதல் அவனைச் சென்று சேருமா? இவ்வினாவின் வரலாற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

பாதாளம் என்னும் பழைய எண்ணம்

கிறித்தவத்தின் வேர் எபிரேய மக்களின் சமயத்தில் உள்ளது. எபிரேயரின் பழைய நூல்களில், பிற்காலத்தார் கருதிய மோட்சமும் நரகமும் தெளிவாகக் காணப்படவில்லை. இறந்தோர், நல்லோராயினும் தீயோராயினும், ‘ஷியோல்’ எனப்பட்ட நிழலுலகுக்குச் செல்வர் என்றே அவர்கள் கருதினர். தமிழ் விவிலியம் அதனைப் ‘பாதாளம்’ என்று பெயர்க்கும். அங்கே இன்பமும் இல்லை, தண்டனையும் இல்லை, ஒளியற்ற அமைதியே உண்டு. நன்மைக்குப் பரிசும் தீமைக்கு ஒறுப்பும் இவ்வுலகிலேயே கிட்டும் என்பது அவர்தம் பழைய நம்பிக்கை.

அந்நம்பிக்கையைக் குலைத்தது கி.மு. 2ஆம் நூற்றாண்டில் நேர்ந்த ஒரு கொடுமை. சிரியாவிலிருந்து ஆண்ட கிரேக்க மரபு வேந்தன் நான்காம் அந்தியோக்கு, யூதர் தம் சமய ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்கலாகாது எனத் தடை விதித்தான். எருசலேம் கோவிலையும் தீட்டுப்படுத்தினான். நெறியை விடாதவர் கொல்லப்பட்டனர். அறத்தில் நின்ற காரணத்தாலேயே ஒருவன் உயிரிழந்தான் எனின், அவனுக்குரிய நீதி எங்கே கிடைக்கும்? இவ்வேதனையின் நடுவே வலுப்பெற்றதே உயிர்த்தெழுதல் என்னும் கோட்பாடு. மண்ணில் உறங்குவோர் ஒருநாள் விழித்தெழுவர் என்றும், சிலர் நிலைவாழ்வும் சிலர் இழிவும் எய்துவர் என்றும் அக்காலத்தே உருப்பெற்ற தானியேல் நூல் உரைக்கிறது.

அதே போர்க்காலத்தைக் கூறும் மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. யூதா மக்கபே என்னும் தலைவன், போரில் மாண்ட தன் வீரரை அடக்கம் செய்யச் சென்றான். யூத நெறி விலக்கிய சிலைத் தாயத்துகள் அவர்தம் ஆடைக்குள் இருக்கக் கண்டான். அவன் அவர்களை வெறுத்து ஒதுக்கவில்லை. உயிரோடிருந்த வீரரிடம் ஏறத்தாழ 2,000 திராக்மா வெள்ளி திரட்டி, இறந்தவர்தம் பாவம் தீரப் பலி செலுத்துமாறு எருசலேமுக்கு அனுப்பினான். இறந்தார்க்காக இருப்பார் செய்த கடனைக் கூறும் மிகப் பழைய யூதச் சான்றுகளுள் இது தலையாயது. இந்நூலைக் கத்தோலிக்கரும் கிழக்குத் திருச்சபையினரும் மறைநூலுள் சேர்ப்பர். சீர்திருத்தச் சபையினர் சேர்ப்பதில்லை. பின்னாளில் எழுந்த பூசலில் இவ்வேறுபாடு பெரும்பொருள் பெற்றது.

நற்செய்தி கூறும் தீர்வை

இயேசு பெருமான் காலத்தில் யூதருள்ளேயே இதுபற்றி இருவேறு கருத்து நிலவியது. பரிசேயர் உயிர்த்தெழுதலை ஏற்றனர், சதுசேயர் ஏற்கவில்லை. இயேசுவின் போதனையோ தீர்ப்பு நாளை ஐயத்துக்கிடமின்றி அறிவிக்கிறது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் இயலில் அத்தீர்ப்பின் காட்சி விரிகிறது. ஆயன் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிப்பதுபோல மக்கள் இருபாலாகப் பிரிக்கப்படுகின்றனர். அங்கே கேட்கப்படுவன மிக எளியவை. பசித்தவனுக்கு உணவளித்தாயா? தாகமுற்றவனுக்கு நீர் தந்தாயா? அயலானை வீட்டில் ஏற்றாயா? ஆடையற்றவனுக்கு உடுக்கக் கொடுத்தாயா? நோயுற்றவனையும் சிறைப்பட்டவனையும் சென்று கண்டாயா? இவையே அந்நாளின் விசாரணை.

லூக்கா நற்செய்தியில் வரும் செல்வனும் ஏழை லாசரும் பற்றிய கதை இன்னும் கடுமையானது. வாயிலில் கிடந்த ஏழையைப் பாராதிருந்த செல்வன் இறந்தபின் தீயில் துன்புறுகிறான். இருவர்க்குமிடையே கடக்கவொண்ணாத பெரும் பிளவு இருப்பதாகக் கூறப்படுகிறது. சாவுக்குப்பின் மாற்றமில்லை என்பார் இதனையே சான்றாகக் காட்டுவர். பவுல் அடிகளோ, கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தில், ஒவ்வொருவன் வேலைப்பாட்டையும் நெருப்பு சோதிக்கும் என்றும், வேலைப்பாடு எரிந்துபோயினும் செய்தவன் நெருப்பினூடே தப்புவதுபோல் மீட்படைவான் என்றும் கூறுகிறார். சாவுக்குப்பின் தூய்மையாதல் உண்டு என்பார் இதனைக் காட்டுவர். ஆகவே, மறைநூலிலேயே இரு கரைக்கும் கால் வைக்க இடமிருந்தது.

‘தீர்ப்பு’ என்பதைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘நடுத்தீர்வை’ என்று வழங்கியது ஈண்டு நினைக்கத்தக்கது. ஒருவன் இறந்தவுடன் நிகழ்வது தனித்தீர்வை. உலக முடிவில் அனைவர்க்கும் நிகழ்வது பொதுத்தீர்வை. ‘நடு’ என்னும் சொல் ஒருபாற் கோடாமையைக் குறிப்பது. வள்ளுவர் ‘நடுவு நிலைமை’க்குத் தனி அதிகாரமே வகுத்தார். சீர்திருத்தச் சபையினர் ‘நியாயத்தீர்ப்பு’ என்பர். இரண்டும் ஒருபொருள் குறித்தனவே.

கார்த்தேசுச் சிறையில் ஒரு கனவு

இயேசுவுக்குப்பின் இரண்டு நூற்றாண்டுகள்கூட நிறையாத நிலையில், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேசு நகரில் பெர்பெத்துவா என்னும் இளம்பெண் கிறித்தவள் என்ற குற்றத்துக்காகச் சிறைப்பட்டாள். அவள் கையில் பால்மணம் மாறாக் குழந்தை இருந்தது. கி.பி. 203இல் அவள் கொல்லப்பட்டாள். சிறையில் அவள் தன் நிலையைத் தானே எழுதி வைத்தாள். கிறித்தவப் பெண் ஒருத்தி எழுதி இன்று எஞ்சியுள்ள எழுத்துகளுள் மிகப் பழையவற்றில் அது ஒன்று.

அதில் ஒரு கனவு கூறப்படுகிறது. அவளுடைய தம்பி தினோக்கிராத்து ஏழு வயதில் முகத்தில் புற்றுநோய் கண்டு இறந்தவன். அவன் இருளிலிருந்து வெளிவருவதாகவும், முகத்துப் புண்ணோடு தாகத்தால் வாடுவதாகவும் அவள் கண்டாள். அவன்முன் நீர் நிறைந்த தொட்டி இருந்தது. அதன் விளிம்போ சிறுவனுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. விழித்தெழுந்த அவள் இரவும் பகலும் அவனுக்காகக் கண்ணீரோடு வேண்டினாள். சில நாள் கழித்து மீண்டும் கனவு வந்தது. இப்போது தொட்டியின் விளிம்பு தாழ்ந்திருந்தது. புண் ஆறித் தழும்பாகியிருந்தது. அவன் நீர் பருகிவிட்டுக் குழந்தைகளுக்கே உரிய மகிழ்ச்சியோடு விளையாடச் சென்றான்.

இதில் கோட்பாடு எதுவும் இல்லை; வாதமும் இல்லை. தானே சாவின் வாயிலில் நின்ற ஒரு தமக்கை, என்றோ இறந்த தம்பியின் தாகத்தைத் தணிக்க விரும்பினாள். பின்னாளில் அறிஞர் எழுப்பிய கோட்பாடுகளுக்கெல்லாம் அடியில் இவ்வன்பே கிடக்கிறது என்பது நம் துணிபு.

அடுத்த தலைமுறையில் அலெக்சாந்திரியாவின் பேரறிஞர் ஒரிசென், இறைவனின் தண்டனை அனைத்தும் மருந்து போன்றதே என்றும், இறுதியில் எல்லா உயிர்களும் அவனிடம் மீளக்கூடும் என்றும் கருதினார். அக்கருத்து 6ஆம் நூற்றாண்டில் திருச்சபையால் கண்டிக்கப்பட்டது. முடிவில்லா நரகம் உண்டு என்பதே நிலைத்த கோட்பாடாயிற்று. நரகம் முடிவற்றது என ஆனபின், இடைப்பட்டவர் நிலை என்ன என்னும் வினா முன்னிலும் கூர்மையடைந்தது.

மோனிக்கா அம்மையாரின் இறுதி வேண்டுகோள்

அவ்வினாவுக்கு மேலைநாடு ஏற்ற விடையை முதலில் வகுத்தவர் புனித அகுஸ்தினார் (354-430). அவர்தம் அன்னையார் மோனிக்காவின் மறைவு, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மனோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

மோனிக்கா வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே ஊரினர். மகனைப் பின்தொடர்ந்து கடல் கடந்து இத்தாலி சென்றவர். 387இல் தாயகம் திரும்புவதற்காக உரோமையின் துறைமுகமான ஒஸ்தியாவில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காய்ச்சலில் வீழ்ந்தார். தம் கணவர் கல்லறைக்கு அருகிலேயே தமக்கும் இடம் வேண்டும் என்று முன்னர் அவர் பெரிதும் விரும்பியிருந்தார். அவருடைய மற்றொரு மகன், அன்னை அயல்நாட்டிலன்றித் தாய்நாட்டில் கண்மூடுதல் நன்று என்றான். அம்மையார் அவனைக் கடிந்து நோக்கினார். இவ்வுடலை எங்கேனும் கிடத்துங்கள். அதுபற்றிக் கவலைப்பட வேண்டா. நீங்கள் எங்கிருப்பினும் ஆண்டவரின் பீடத்தருகே என்னை நினைவுகூருங்கள் என்பதே அவர் கேட்டதன் சாரம். ஊருக்கு இவ்வளவு தொலைவில் உடலை விட்டுச் செல்ல அச்சமில்லையா என்று பிறர் வினவியபோது, இறைவனுக்குத் தொலைவு என்பது ஏது என்று விடையிறுத்தாராம். இவற்றையெல்லாம் அகுஸ்தினார் தம் ‘ஒப்புதல்கள்’ என்னும் நூலில் எழுதி, தம் பெற்றோர்க்காக வேண்டிக்கொள்ளுமாறு படிப்போரையும் கேட்டுக்கொண்டார். 1945இல் ஒஸ்தியாவில் சிறுவர் இருவர் விளையாட்டுக்கெனக் கம்பம் நடக் குழி தோண்டியபோது, மோனிக்காவின் கல்லறைக் கல்வெட்டின் ஒரு துண்டு கிடைத்தது.

பின்னர், நோலா நகர ஆயர் பவுலினு ஒரு வினா அனுப்பினார். புனிதர் ஒருவரின் சமாதிக்கு அருகில் அடக்கம் செய்வதால் இறந்தவனுக்கு நன்மை உண்டா என்பது அது. அதற்கு விடையாக அகுஸ்தினார் ஒரு சிறுநூலே எழுதினார். அடக்கச் சடங்கின் சிறப்பு இறந்தார்க்கு உதவுவதைவிட இருப்பார்க்கு ஆறுதல் அளிப்பதே என்றும், வேண்டுதலும் திருப்பலியும் ஏழைக்கு ஈதலுமே இறந்தார்க்கு உதவும் என்றும் அவர் கூறினார். அதிலும் ஒரு வரையறை உண்டு. மிக நல்லோர்க்கு அவ்வுதவி தேவையில்லை. மிகத் தீயோர்க்கு அது பயன்படாது. இரண்டுக்கும் நடுவில் நிற்போர்க்கே பயன் தரும். நம்முள் பெரும்பாலோர் அந்நடுவில் நிற்பவரே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

மூன்றாம் இடம் தோன்றிய வரலாறு

நடுவில் நிற்போர் உண்டு எனின், அவர்க்குரிய இடம் எது? இதற்கு விடை உருவாக மேலும் எட்டு நூற்றாண்டுகள் ஆயின.

590 முதல் 604 வரை போப்பாண்டவராக இருந்த பெரிய கிரகோரியார் ஒரு நிகழ்ச்சியை எழுதி வைத்துள்ளார். அவர்தம் மடத்தில் யுஸ்து என்னும் துறவி விதிக்கு மாறாக மூன்று பொற்காசுகளை மறைத்து வைத்திருந்தார். அவர் இறந்ததும், உடலைக் காசுகளோடு எருக்குழியில் இடுமாறு கிரகோரியார் கடுமையாகப் பணித்தார். பின்னர் மனமிரங்கி, நாள்தோறும் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். முப்பதாம் நாள் அத்துறவி தம் உடன்பிறந்தாருக்குத் தோன்றி, இப்போது நன்னிலை எய்தினேன் என்றாராம். ஒருவர்க்காக முப்பது நாள் தொடர்ந்து ஒப்புக்கொடுக்கும் ‘கிரகோரியார் திருப்பலி’ என்னும் வழக்கம் இதிலிருந்து வந்ததே. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி, பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் தலைவர் ஓதிலோ, இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைக்க நவம்பர் 2ஆம் நாளைக் குறித்தார். நம் நாட்டில் கல்லறைத் திருநாள் என்று மலரும் மெழுகுவர்த்தியுமாகக் கொண்டாடப்படுவது அந்நாளே.

இத்தனைக்குப் பின்னரும் அவ்விடத்துக்குத் தனிப்பெயர் ஏற்படவில்லை. ‘தூய்மையாக்கும் நெருப்பு’ என்று அடைமொழியாக வழங்கிய சொல், ‘தூய்மையாக்கும் இடம்’ என்று பெயர்ச்சொல்லானது ஏறத்தாழ 1170க்கும் 1180க்கும் இடையில் என்று பிரெஞ்சு வரலாற்றறிஞர் ழாக் லெ கோஃப் 1981இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். அக்காலக் கணிப்பை மறுப்போரும் உளர். எனினும் அவர்தம் நூலே இத்துறை ஆய்வுக்குத் தொடக்கமாயிற்று. 1274இல் லியோன் நகரில் கூடிய பொதுச்சங்கம், சாவுக்குப்பின் தூய்மையாதல் உண்டு என்றும் வாழ்வோரின் வேண்டுதல் அவ்வுயிர்களுக்கு உதவும் என்றும் அறிக்கையிட்டது.

போப்பாண்டவரே இவ்விவாதத்தில் இடறியதும் உண்டு. 22ஆம் யோவான், நல்லோர் ஆன்மாக்களும் இறுதித் தீர்வை நாள்வரை இறைவனை முழுமையாகக் காணா என்று 1331இல் மறையுரை ஆற்றினார். பாரிசுப் பல்கலைக்கழக அறிஞர் எதிர்த்தெழுந்தனர். 1334இல் மரணப்படுக்கையில் அவர் அக்கருத்தைக் கைவிட்டார். அடுத்து வந்த 12ஆம் ஆசீர்வாதப்பர் 1336இல் ஆணை பிறப்பித்து, தூய உயிர்கள் காத்திராமல் இறைக்காட்சி பெறும் என உறுதி செய்தார்.

அக்காலத்திலேயே, 1321இல் மறைந்த இத்தாலியக் கவிஞர் தாந்தே, தம் பெருங்காப்பியத்தின் இரண்டாம் பகுதியில் அவ்விடத்தைக் கடல்நடுவே எழும் ஏழடுக்கு மலையாகப் படைத்தார். அங்கே ஃபோரேசே என்பவன், தன் மனைவியின் கண்ணீரும் வேண்டுதலுமே தன்னை விரைவில் மேலேற்றின என்கிறான். மான்ஃபிரெது மன்னனோ, தன் நிலையைத் தன் மகளிடம் சொல்லுமாறு வேண்டுகிறான். மண்ணுலகில் உள்ளோரால் இங்குள்ளோர் பெரிதும் முன்னேறுவர் என்பது அவன் கூற்று. திருச்சபையின் விலக்குக்கு ஆளாகி மாண்டவன் அவன். அவனுக்கும் வழியுண்டு எனக் காட்டியது தாந்தேயின் பெருமை.

கணக்கும் காசும்

அலுவலகங்களில் கோப்பும் பேரேடுமாக நாள் கழிப்போர் நம்மில் பலர். எண்ணிக் குறிக்கத் தொடங்கிய பொருள் விரைவில் விலையும் பெற்றுவிடும் என்பதை நாம் நன்கறிவோம். அன்பில் பிறந்த இக்கடனுக்கும் அதுவே நேர்ந்தது.

பாவத்துக்கு மன்னிப்புப் பெற்ற பின்னும் அதற்கு ஈடாகத் தவமுயற்சி செய்தல் வேண்டும் என்பது பழைய நெறி. அத்தவக்கடனைத் திருச்சபை குறைத்தோ நீக்கியோ அளிக்கும் சலுகையையே நம் பள்ளி வரலாற்று நூல்கள் ‘பாவமன்னிப்புச் சீட்டு’ என்று குறிக்கின்றன. 1095இல் சிலுவைப்போருக்குச் செல்வோர்க்கும், 1300இல் உரோமைக்கு யூபிலித் திருப்பயணம் வருவோர்க்கும் அது வழங்கப்பட்டது. கிறித்துவும் புனிதரும் ஈட்டிய புண்ணியம் ஒரு கருவூலமாக உள்ளது என்றும், அதிலிருந்து வழங்கத் திருச்சபைக்கு உரிமை உண்டு என்றும் 1343இல் விளக்கம் தரப்பட்டது. 1476இல் நான்காம் சிக்ஸ்து, இச்சலுகையை இறந்தோர்க்கும் பயன்படுமாறு விரித்தார்.

அதன் விளைவு செர்மனியில் தெரிந்தது. பிராண்டன்பர்க்கு அல்பிரெக்து என்னும் இளம் பிரபு, முன்னரே ஒரு பேராயர் பதவியில் இருந்தவர், மைன்ஸ் நகரப் பேராயர் பதவியையும் பெற்றார். அதற்காக உரோமைக்குச் செலுத்த வேண்டிய பெருந்தொகையை ஃபுக்கர் என்னும் வணிகக் குடும்பத்திடம் கடன் வாங்கினார். உரோமையில் புனித பேதுரு பெருங்கோவில் கட்டுவதற்கெனச் சீட்டு விற்கப்பட்டது. வந்த பணத்தில் பாதி அக்கோவிலுக்கு; மறுபாதி அக்கடனை அடைக்க. தெத்செல் என்னும் துறவி ஊர்தோறும் சென்று, துயருறும் பெற்றோரின் குரல் கேட்கவில்லையா என்று மக்கள் உள்ளத்தைத் தொட்டுப் பணம் திரட்டினார்.

1517 அக்டோபர் 31 அன்று விட்டன்பர்க்குப் பேராசிரியர் மார்ட்டின் லூதர் வெளியிட்ட 95 கருத்துரைகள் இவ்வணிகத்தையே எதிர்த்தன. அவற்றுள் ஒன்று, பொதுமக்கள் கேட்கும் கேள்வியாக வருகிறது. கோவில் கட்டும் காசுக்காக எண்ணற்ற உயிர்களை விடுவிக்க இயலுமாயின், அன்பின் பொருட்டே அனைவரையும் போப்பாண்டவர் விடுவித்துவிடலாகாதோ என்பது அதன் கருத்து. லூதர் அன்று அம்மூன்றாம் இடத்தை மறுக்கவில்லை; விற்பனையை மட்டுமே மறுத்தார். 1530இல்தான் அவ்விடமே இல்லை என்று தனிநூல் எழுதினார். மனிதன் மீட்படைவது இறைவனின் அருளால் மட்டுமே எனின், அதற்குமேல் செலுத்த வேண்டிய மிச்சம் எதுவும் இல்லை என்பது அவர் முடிவு.

பிரிந்த வழிகள்

இங்கிலாந்தில் நிகழ்ந்த மாற்றம் மக்கள் வாழ்வை எவ்வளவு தொட்டது என்பதை இரு செய்திகளால் அறியலாம். இறந்தவர்க்காகத் திருப்பலி நிகழ்த்தவென்றே செல்வர் நிறுவிய அறக்கட்டளைகள் அங்கே ஏராளமாக இருந்தன. 1547இல் இயற்றிய சட்டத்தால் அரசு அவற்றைக் கலைத்து உடைமைகளை எடுத்துக்கொண்டது. பல தலைமுறைக்கு முன் இறந்தவர், தம் பெயரை என்றும் நினைக்கட்டும் என்று எழுதிவைத்த நிலமெல்லாம் ஒரே சட்டத்தில் கைமாறின.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. 1549இல் வெளிவந்த ஆங்கிலச் செபநூலின்படி, அடக்கத்தின்போது குரு இறந்தவரையே முன்னிலைப்படுத்தி, உன் ஆன்மாவை இறைவனிடம் ஒப்படைக்கிறேன் என்னும் பொருள்படப் பேசினார். 1552இல் திருத்திய நூலில் அம்முன்னிலை நீங்கிவிட்டது. இறந்தவர் படர்க்கையில் குறிக்கப்பட்டார். குரு சுற்றி நின்றவரோடு மட்டுமே பேசினார். மூன்றே ஆண்டுகளில் இறந்தவன் உரையாடலிலிருந்து அகற்றப்பட்டான். இலக்கணத்தில் ஓர் இடம் மாறியது. அம்மாற்றத்தில் இருப்பார்க்கும் இறந்தார்க்கும் இருந்த பேச்சே அற்றுப்போயிற்று.

கத்தோலிக்கத் திருச்சபை தன் நிலையை 1563இல் திரெந்து பொதுச்சங்கத்தில் அறுதியிட்டது. தூய்மையாகும் இடம் உண்டு. அங்குள்ள உயிர்களுக்கு வாழ்வோரின் வேண்டுதல் உதவும். இவ்விரண்டுக்கு மேல் நுணுக்க விவாதங்களை எளிய மக்கள்முன் எடுத்தல் வேண்டா என்றும், இழிந்த ஊதியத்தின் நாற்றம் வீசும் எதனையும் ஆயர்கள் தடுத்தல் வேண்டும் என்றும் அது பணித்தது. லூதரின் கண்டனத்தில் உண்மை இருந்ததைச் சொல்லாமல் ஒப்புக்கொண்டதாகவே இதனைக் கருதலாம்.

கிரேக்கக் கிழக்குத் திருச்சபை மூன்றாவது வழியில் சென்றது. 1438-39இல் ஃபெராரா, ஃபுளோரன்சு நகரங்களில் கூடிய சங்கத்தில், எபேசு நகர மாற்கு என்னும் ஆயர், தூய்மையாக்கும் நெருப்பு என்பதை ஏற்க மறுத்தார். ஆனால் இறந்தார்க்காக வேண்டுவதை அவர் மறுக்கவேயில்லை. அவிழ்த்த கோதுமையை இனிப்போடு கலந்து இறந்தார் நினைவாக வழங்கும் வழக்கம் அச்சபையினரிடம் இன்றும் உண்டு. மண்ணில் விழுந்த மணியே முளைக்கும் என்பது அதன் பொருள். இடத்தின் வரைபடம் இல்லாமலே கடனைச் செய்ய இயலும் என்பதற்கு அச்சபை சான்று.

தமிழில் வந்த சொற்கள்

இப்பூசலின் இரு கரைகளும் தமிழகக் கடற்கரையை வந்தடைந்தன. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மொழியொன்றில் அதன் எழுத்திலேயே அச்சான முதல் நூல்களுள் முன்னிற்பது; அதனைத் தந்தவர் கத்தோலிக்கத் துறவி அண்டிரிக் அடிகளார். லூதர் வழிவந்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1726இல் ‘தேம்பாவணி’யை நிறைவு செய்த வீரமாமுனிவர், தரங்கம்பாடியாரை மறுத்து ‘வேதவிளக்கம்’ முதலிய உரைநடை நூல்களை இயற்றினார். செர்மனியில் மூண்ட வாதம் இரு நூற்றாண்டு கழித்துக் காவிரிக்கரைத் தமிழில் தொடர்ந்தது. தமிழ் உரைநடை அதனால் வளம்பெற்றது.

கத்தோலிக்கர் அம்மூன்றாம் இடத்தை ‘உத்தரிக்கிற ஸ்தலம்’ என்றனர். உத்தரித்தலாவது, செய்த பிழைக்கு ஈடாக வருந்தித் தூய்மையுறுதல். அங்குள்ளோரை ‘உத்தரிக்கிற ஆத்துமாக்கள்’ என்று இன்றும் நம் பாட்டிமார் கூறக் கேட்கலாம். சீர்திருத்தச் சபைத் தமிழில் இச்சொல்லுக்கு வேலையில்லை. ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி எச்.ஏ. கிருட்டிணபிள்ளை 1894இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஓர் ஆன்மாவின் நெடும்பயணத்தைப் பாடுவது. துன்பமும் தூய்மையும் அங்கே இவ்வுலக வழியிலேயே நிகழ்ந்துவிடுகின்றன. மரண ஆற்றைக் கடந்தால் எதிரே நிற்பது திருநகரே. உத்தரிப்பைச் சாவுக்குப்பின் வைப்பது ஒரு நெறி. சாவுக்குமுன் வைப்பது மற்றொரு நெறி. தமிழ் இரண்டுக்கும் இடங்கொடுத்தது.

அண்மைக் கால மாற்றங்கள்

கணக்கிடும் மனப்பான்மை மெல்ல மெல்லக் கழிந்துவருகிறது. ஒரு செபத்துக்கு 300 நாள் பலன் என்பதுபோல் பழைய செபநூல்களில் காணப்பட்ட எண்ணிக்கையை 1967இல் ஆறாம் பவுல் நீக்கினார். 2007இல் 16ஆம் ஆசீர்வாதப்பர் நம்பிக்கை குறித்து எழுதிய சுற்றுமடலில், தூய்மையாக்கும் நெருப்பு என்பது கிறித்துவைச் சந்திக்கும் சந்திப்பே என்னும் இக்கால இறையியலார் சிலரின் கருத்தை எடுத்துரைத்தார். அச்சந்திப்பை இவ்வுலகக் காலத்தால் அளக்க இயலாது என்றும் அவர் கூறினார்.

அதே ஆண்டில் வந்த மற்றொரு செய்தி எத்தனையோ தாய்மாரின் நெஞ்சைத் தொட்டிருக்கும். திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகள் இன்பமும் துன்பமுமில்லா ‘லிம்போ’ என்னும் விளிம்புநிலையில் என்றும் இருப்பர் என்று இடைக்காலம் முதல் பலர் போதித்து வந்தனர். அக்குழந்தைகளை மந்திரித்த கல்லறை நிலத்தில் புதைக்கவும் பல ஊர்களில் இடம் தரப்படவில்லை. அது திருச்சபையின் அறுதியான கோட்பாடாக என்றுமே இருந்ததில்லை. 2007இல் பன்னாட்டு இறையியல் குழு, அக்குழந்தைகளும் மீட்படைவர் என்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என அறிக்கை வெளியிட்டது. பெயரிடாமலே புதைத்த பிள்ளைக்காகப் பல தலைமுறைத் தாய்மார் உள்ளுக்குள் செய்துவந்த வேண்டுதலை, அறிஞர் உலகம் காலந்தாழ்ந்தேனும் செவிமடுத்தது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். இறந்தார்க்கு உதவ வேண்டும் என்னும் ஆவல், அவர் இருக்கும் இடம் இன்னது என்னும் கோட்பாட்டுக்கு முந்தியது. யூதா மக்கபேயும் பெர்பெத்துவாவும் மோனிக்காவும் அவ்விடத்தின் பெயரை அறியார். கடனை மட்டும் அறிந்திருந்தனர். பெயரும் எல்லையும் வகுத்தபின் கணக்கு வந்தது. கணக்கின்பின் காசு வந்தது. காசின்பின் பிளவு வந்தது. விற்றவரின் பேராசையைக் கண்டித்தவர் செய்தது நியாயமே. அதே வேளையில், அக்கண்டனத்தின் வேகத்தில் இறந்தவரோடு பேசும் உரிமையையும் இழந்த மக்களின் துயரையும் நாம் மறத்தலாகாது. முதல் உலகப்போரில் இலட்சக்கணக்கான இளைஞர் அயல்மண்ணில் மாண்டபோது, இங்கிலாந்தின் கோவில்களில் இறந்தார்க்கான வேண்டுதல் மீண்டும் பெருகியது. மக்கள் உள்ளத்தில் அது சாகாமல் இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு ஆயிரம் கல் தொலைவில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. அந்நாளில் தந்தி வந்தது; இந்நாளில் கைப்பேசி ஒலிக்கிறது. செய்தி விரைந்து வந்தாலும் இரயில் விரைவதில்லை. விடுப்பு கிடைத்து ஊர் சென்று சேருமுன் அடக்கமோ தகனமோ முடிந்துவிடுகிறது. பெற்றோரின் முகத்தை இறுதியாகக் காணாத குறை நம்மில் பலர் நெஞ்சில் உண்டு. அவரவர் சமயம் அவரவர்க்கு வழி காட்டும். சமயம் எதுவாயினும், அகுஸ்தினார் கூறிய மூன்றில் ஒன்று எல்லார்க்கும் இயல்வது. அது இறந்தார் பெயரால் ஏழைக்கு ஈதல். தீர்ப்பு நாளில் கேட்கப்படும் என்று நற்செய்தி கூறும் வினாக்களும் அதனையே சுட்டுகின்றன. பசித்த ஒருவனுக்கு ஒருவேளை உணவு, படிக்கும் பிள்ளை ஒருவனுக்கு ஓராண்டுப் புத்தகம், மருத்துவமனையில் துணையின்றிக் கிடக்கும் ஊரான் ஒருவனுக்கு ஒருநாள் துணை. இவற்றை நம் தாயின் பெயராலும் தந்தையின் பெயராலும் செய்தற்கு இரயிலில் இடம் பதிய வேண்டுவதில்லை. விடுப்பு விண்ணப்பமும் வேண்டுவதில்லை.